பழைய அலமாரி அளவுகள்

அண்ணி: லேப்டாப்பைத் தட்டாதேடி. தட்டினா எழுந்திரிக்க அது என்ன உங்க அண்ணனா?

நாத்தனார்: அண்ணன் மட்டும் தட்டினதும் எழுந்திரிச்சுடுவானாக்கும்! அண்ணி... இது சுத்திக்கிட்டே இருக்கு. வட்டமா... புள்ளி புள்ளியா...

அண்ணி: எப்போலேர்ந்து?

நாத்தனார்: காலையிலேர்ந்து... இல்ல... நேத்தே கொஞ்சம்...

அண்ணி: நேத்தேவா? நேத்தே சொல்றதுக்கென்ன? கடையில மூச்சு விடாம பேசற வாய் எங்க போச்சு?

நாத்தனார்: நீங்க பெட்டி அடுக்கிட்டு இருந்தீங்க. என் வீட்லேர்ந்து நீங்க ஊருக்குத் திரும்பற நேரத்துல எதுக்கு வயித்துல புளியைக் கரைக்கணும்னு...

அண்ணி: இப்ப மட்டும் என்ன கரையுதாம்? சரி, தள்ளி உக்காரு. மாஸ்க் எங்க?

நாத்தனார்: நீங்களும் நானும்தானே இருக்கோம்...

அண்ணி: காலையில உங்க அண்ணன் தும்மினாரு. போடு.

நாத்தனார்: போட்டாச்சு, போட்டாச்சு. நீங்க குனியாதீங்க. அந்தத் தலையணையை இடுப்புக்குக் கொடுத்து உக்காருங்க.

அண்ணி: எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்.

நாத்தனார்: அதான் தெரியுமே. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே வார்டுல நடந்தீங்களே, சோதனை போட வந்த ஆபீசர் மாதிரி! நர்ஸே அசந்துட்டாங்க. பக்கத்து ரூம்ல நான்தான் ஐயோ அம்மான்னு ஊரைக் கூட்டினேன். கொடுத்தவங்க நடக்கறாங்க, வாங்கினவ கத்தறா.

அண்ணி: ஒரு கிட்னி போனா உடம்பு லேசாயிடும்டி. நடக்க வசதி.

நாத்தனார்: எப்பப் பாரு விளையாட்டுதான் உங்களுக்கு.

அண்ணி: சரி, அதை விடு. என் டிராயிங் இதுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கு வழியைப் பாரு.

நாத்தனார்: எந்த டிராயிங்?

அண்ணி: அந்தச் சக்கர நாற்காலி அம்மா வீட்டுச் சமையலறை. அடுப்பு மேடை, பாத்திர அலமாரி, எல்லாத்தையும் தாழ இறக்கி, நாற்காலி உள்ள நுழையற மாதிரி கீழ காலியா விட்டு... நேத்து மத்தியானம்தான் முடிச்சேன். சாயங்காலத்துக்குள்ள பட்டறைக்கு அனுப்பணும்.

நாத்தனார்: அனுப்பலைன்னா?

அண்ணி: நாளைக்குக் காலையில மரம் அறுக்கறாங்க. அவங்க கையில இருக்கறது பழைய அளவு. அதுல அறுத்தா, அந்தம்மா தன் வீட்டு அலமாரியைத் தானே அண்ணாந்து பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். ஒரு டம்ளர் எடுக்கக்கூட யாரையாவது கூப்பிடணும்.

நாத்தனார்: போன் போட்டு, ஒரு நாள் தள்ளி வைங்கன்னு சொல்லுங்களேன்.

அண்ணி: ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளியாச்சு. ஆபரேஷன்னு ஒரு தடவை, அதுக்கப்புறம் ரெஸ்ட்டுன்னு ஒரு தடவை. மூணாவது தடவை கேட்டா முதலாளி வேற ஆளைப் பார்த்துக்குவாரு.

நாத்தனார்: எல்லாம் என்னால...

அண்ணி: ஆரம்பிக்காதே.

நாத்தனார்: நான் ஒண்ணும் சொல்லலையே!

அண்ணி: சொல்ல வந்தே. மாஸ்க் போட்டாலும் தெரியுது.

நாத்தனார்: தெருமுனையில ரிப்பேர் கடை இருக்கு. ஓடிப்போய்க் காட்டிட்டு வந்துடவா?

அண்ணி: அவன் என்ன பண்ணுவான்? 'எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா போட்டுத் தரேன்'பான். டிராயிங்கும் துடைச்சுக்கிட்டுப் போயிடும். உக்காரு. இந்தப் பட்டனை அழுத்திப் பிடி. அணையற வரைக்கும் விடாதே.

நாத்தனார்: அணைஞ்சுடுச்சு.

அண்ணி: இப்ப மறுபடியும் போடு. வட்டம் வந்ததும் மறுபடியும் அணை.

நாத்தனார்: பாவம் அண்ணி. கழுத்தை நெரிக்கற மாதிரி இருக்கு.

அண்ணி: இன்னொரு தடவை. ரெண்டு மூணு தடவை இப்படிப் பண்ணினா, 'ஆமாம்மா, எனக்கு உடம்பு சரியில்ல'ன்னு அதுவே ஒத்துக்கும். பட்டறையில கம்ப்யூட்டர் பார்க்கற பொண்ணு சொல்லிக் கொடுத்தா.

நாத்தனார்: ஒத்துக்கிச்சு! ஒத்துக்கிச்சு! நீலமா ஏதோ வந்திருக்கு!

அண்ணி: கத்தாதே, நகரு... இது இல்ல... இதுவும் இல்ல... ஆங், இதான். அத்தியாவசியமானதை மட்டும் எடுத்துக்கிட்டு எழுந்திருன்னு கேட்டுப் பார்ப்போம்.

நாத்தனார்: எழுந்திரிச்சுடுச்சு... ஐயே, என்ன இது, எல்லாம் பெரிசு பெரிசா இருக்கு? கண்ணு டெஸ்ட்டுக்கு வர்றவங்களுக்கு நான் காட்டற முதல் வரி மாதிரி.

அண்ணி: கண்ணாடிக் கடைக்காரிக்கு எங்க பார்த்தாலும் கடைதான்.

நாத்தனார்: அடுத்த மாசம் வேலைக்குப் போலாம்னு டாக்டர் சொல்லிட்டாரே.

அண்ணி: பாவம் உன் கஸ்டமருங்க. கொஞ்ச நாளா காது நிம்மதியா இருந்தது அவங்களுக்கு. ...இரு, இரு. இங்க பாரு. இடம் இல்ல.

நாத்தனார்: எங்க இடம் இல்ல?

அண்ணி: உள்ள. துளிகூட இல்ல. இது சின்ன லேப்டாப்டி, வயிறும் சின்னது. எழுந்திரிக்கறதுக்கே அதுக்குக் கொஞ்சம் காலி இடம் வேணும். கழுத்து வரைக்கும் தின்னா யாரால எழ முடியும்?

நாத்தனார்: நான் ஒண்ணும் போடல!

அண்ணி: நான் உன்னைக் கேக்கவே இல்லையே.

நாத்தனார்: இல்ல... சும்மா சொன்னேன்.

அண்ணி: எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையா இருக்கு.

நாத்தனார்: டிராயிங் இருக்கா, அதை முதல்ல பாருங்க.

அண்ணி: அதைத்தான் தேடறேன்... இல்லையே... இங்கதானே... அப்பாடா. இருக்கு. வயித்துல பாலை வார்த்தது.

நாத்தனார்: அப்ப அனுப்புங்க!

அண்ணி: இந்த நிலைமையில நெட் வராது. ஒழுங்கா எழுந்து உக்காந்தாத்தான் அனுப்ப முடியும். பென் டிரைவ் வெச்சிருக்கியா?

நாத்தனார்: கடையில இருக்கு.

அண்ணி: கடையில இருந்து யாருக்குப் புண்ணியம்? எதையாவது அள்ளி வெளிய கொட்டினாத்தான் வழி. எது இவ்வளவு இடத்தை அடைச்சுக்கிட்டு... ஓ... குப்பைத் தொட்டி.

நாத்தனார்: என்ன... எந்தக் குப்பைத் தொட்டி?

அண்ணி: இதோ, தொட்டி படம் போட்டிருக்கே. நிரம்பி வழியுது.

நாத்தனார்: அதுல போட்டதெல்லாம் போயிருக்கும்ல?

அண்ணி: எங்க போயிருக்கும்?

நாத்தனார்: எங்கன்னா... குப்பையில போட்டா போயிடும்ல. தினமும்... தானாவே...

அண்ணி: யாரு, காலையில விசில் அடிச்சுக்கிட்டு உள்ள வண்டி வருமா?

நாத்தனார்: சிரிக்காதீங்க! எனக்கு எப்படித் தெரியும்? தொட்டி மாதிரி இருந்தது, போட்டேன். அத்தோட முடிஞ்சுதுன்னு...

அண்ணி: நாம கொட்டற வரைக்கும் அது அங்கயேதான் உக்காந்திருக்கும். அது சரி, நீ ஒண்ணும் போடலைன்னியே, வாயாடி?

நாத்தனார்: கொட்டிடுங்க அண்ணி. அப்படியே கொட்டிடுங்க. திறக்காம.

அண்ணி: திறந்து பார்க்காம எப்படி? என் டிராயிங் ஏதாவது தவறி விழுந்திருந்தா?

நாத்தனார்: விழுந்திருக்காது. அதுல இருக்கறது எல்லாம் என்னோடதுதான்.

அண்ணி: இத்தனையுமா?

நாத்தனார்: நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. நானே கொட்டறேன்.

அண்ணி: லேப்டாப் என்னுது, தொட்டியும் என்னுது. நான் ஏன் திரும்பணும்?

அண்ணன்: ஏம்மா, டாக்ஸி கிளம்பிடுச்சாம். அந்த நீலப் பெட்டி வருதா, இங்கயே இருக்கா?

அண்ணி: வருது. கீழ கொண்டு போயிடுங்க.

அண்ணன்: பாப்பா, உன் மாத்திரை டப்பாவெல்லாம் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில வெச்சுட்டேன். எது எப்பன்னு மேல ஒட்டியிருக்கேன்.

நாத்தனார்: சரிண்ணா.

அண்ணன்: என்ன, ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரு மாதிரி இருக்கு? மறுபடியும் சண்டையா?

அண்ணி: சண்டை போட என்ன இருக்குங்க?

அண்ணன்: எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள்லேர்ந்து உங்களுக்குள்ள ஏழாம் பொருத்தம். நடுவுல நான் மத்தளம், ரெண்டு பக்கமும் இடி. இப்பத்தான் வீடு கொஞ்சம் அமைதியா இருக்கு. கெடுத்துடாதீங்க.

நாத்தனார்: அண்ணா, நீ தும்மப் போற.

அண்ணன்: இல்லையே... நான் எங்க... ஆ...

இருவரும்: வெளிய போங்க! / வெளிய போ!

அண்ணி: அப்பா, போயாச்சு. ம், எங்க விட்டோம்?

நாத்தனார்: எங்கயும் விடல. அண்ணி, குப்பைத் தொட்டி கிடக்கட்டும். இங்க வேற ஒண்ணு பெரிசா இருக்கே. இதை அழிச்சாலே போதுமில்ல?

அண்ணி: எதை?

நாத்தனார்: இதோ, இந்த ஃபோல்டர். 'பழைய அலமாரி அளவுகள்'. அடேயப்பா! வெறும் அளவுக்கா இவ்வளவு இடம்? அந்தத் தொட்டி அளவுக்கு இருக்கே இது!

அண்ணி: அதுல... அதுல கை வைக்காதே.

நாத்தனார்: பழசுதானே? பழைய அளவுல அறுத்துடுவாங்கன்னு இப்பத்தானே பயந்தீங்க? ஒழியட்டும்னு அழிச்சுடுங்க.

அண்ணி: அது வேற பழசு.

நாத்தனார்: பழசுல என்ன வேற பழசு? திறந்து பார்த்தா—

அண்ணி: கையை எடுடி!

நாத்தனார்: அம்மாடி... எதுக்கு இப்படிக் கத்தறீங்க? தையல் போட்ட இடம் இழுத்துக்கப் போகுது.

அண்ணி: தொழில் விஷயம். உனக்குப் புரியாது.

நாத்தனார்: நல்லா இருக்கே நியாயம்! என் குப்பையை நீங்க கிளறுவீங்களாம், உங்க அலமாரியை நான் தொடக் கூடாதாம்.

அண்ணி: சரி. அதையும் திறக்க வேண்டாம், இதையும் திறக்க வேண்டாம். ஆனா கொட்டறதுக்கு முன்னாடி அதுல என்ன இருக்குன்னு வாயால சொல்லு. அது போதும்.

நாத்தனார்: டாக்ஸி வந்துடும்.

அண்ணி: வந்தா நிக்கும்.

நாத்தனார்: ...வீடியோ.

அண்ணி: என்ன வீடியோ?

நாத்தனார்: நான்தான். லேப்டாப்பை இந்த மேசையில வெச்சுட்டு, அந்தக் கட்டில் ஓரத்துல உக்காந்து... மத்தியானம் நீங்க தூங்கற நேரத்துல.

அண்ணி: ஆட்டமா, பாட்டா?

நாத்தனார்: அண்ணி, ப்ளீஸ்.

அண்ணி: சரி. சொல்லு.

நாத்தனார்: உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு... நேர்ல வரல. நேர்ல வாயைத் திறந்தா 'ஆரம்பிக்காதே'ங்கறீங்க. இல்லைன்னா உடம்பு லேசாயிடுச்சுங்கறீங்க. அதான், பேசிப் பதிஞ்சு வெச்சா, நீங்க ஊருக்குப் போய்ப் பார்த்துக்குவீங்கன்னு.

அண்ணி: ம்.

நாத்தனார்: 'அண்ணி'ன்னு ஆரம்பிப்பேன். அது நல்லாத்தான் வரும். அடுத்தது 'நன்றி'. அங்கதான் மாட்டிக்கும். அது நான் கடையில நாள் முழுக்கச் சொல்றது அண்ணி. 'நன்றிங்க, மறுபடியும் வாங்க.' கண்ணாடி துடைக்கற துணியோட சேர்த்துக் கொடுக்கற வார்த்தை. அதையே எடுத்து உங்ககிட்டயும் நீட்டினா... எனக்கே காது கூசிச்சு. தூக்கித் தொட்டியில போட்டேன்.

அண்ணி: வீட்டுக்குள்ள யாருடி நன்றியெல்லாம் சொல்லிக்கிட்டு...

நாத்தனார்: அதான் அண்ணி! நமக்குள்ள சொல்ற வழக்கமே இல்ல. வழக்கம் இல்லாததை எப்படிச் சொல்றது? மறுநாள் பெரிசா ஆரம்பிச்சேன், மைக் பிடிச்ச மாதிரி. 'எனக்கு உயிர் கொடுத்த தெய்வமே'ன்னு...

அண்ணி: ஐயையே!

நாத்தனார்: எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதுவும் தொட்டிக்குத்தான். ஒரு நாள் பேசவே முடியல. அழுகைதான்.

அண்ணி: அந்த மஞ்சத் துண்டைக் கையில சுத்திக்கிட்டா?

நாத்தனார்: ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணி: எப்பவும் அதுதானே உன் கையில இருக்கு. மேல சொல்லு.

நாத்தனார்: ஒரு நாள் உங்களைத் திட்டினேன்.

அண்ணி: என்னையா?

நாத்தனார்: பின்ன? எத்தனை வருஷமா சேர்த்து வெச்ச சண்டை! அண்ணனைக் கைக்குள்ள போட்டுக்கிட்டீங்க, குரல் ஏழு வீட்டுக்குக் கேக்கும், நான் வாங்கிக் கொடுத்த திரைச்சீலையைக் கடைசி வரைக்கும் மாட்டவே இல்ல... எல்லாத்தையும் ஒரே நாள்ல என்கிட்டேர்ந்து பிடுங்கிட்டீங்க. இனிமே நான் எந்த வாயை வெச்சுக்கிட்டு உங்ககூடச் சண்டை போடறது?

அண்ணி: இப்பவும் போடு. யாரு வேண்டாம்னா?

நாத்தனார்: சண்டை போடற தெம்பே நீங்க கொடுத்ததாச்சே. முன்னாடி டாக்டர் சொன்னபடி தண்ணிகூட அளந்துதான் குடிப்பேன். ஞாபகம் இருக்கா? நாக்கு ஒட்டிக்கும். ஐஸ் கட்டியை வாயில போட்டுக்கிட்டுக் குழாயைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். இப்ப தாகம் எடுத்தா நேரா போய் ஒரு டம்ளர் தண்ணியை மடமடன்னு குடிக்கறேன் அண்ணி. போதும்னு யாரும் தடுக்கறதில்ல. குடிச்சு முடிச்சுட்டு அந்த வெறும் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறேன். நான் சொல்ல வந்தது அதுதான். அதுக்கு எனக்கு வார்த்தை கிடைக்கல. எல்லாம் தொட்டிக்கே போச்சு.

அண்ணி: ...கொட்டு.

நாத்தனார்: ம்?

அண்ணி: நீயே அழுத்து. மணியாகுது. அந்தம்மாவுக்கு அலமாரி எட்ட வேண்டாமா?

நாத்தனார்: கடைசியா ஒரு தடவை பார்க்கறேன்னு சொல்ல மாட்டீங்களே?

அண்ணி: இன்னைக்குப் பார்க்க மாட்டேன்.

நாத்தனார்: 'நிரந்தரமா அழிக்கவா'ன்னு கேக்குது.

அண்ணி: ஆமான்னு சொல்லு.

நாத்தனார்: அவ்வளவும் உங்களுக்காகப் பேசினது அண்ணி. போகுதேன்னு கொஞ்சம்கூட வருத்தம் இல்லையா?

அண்ணி: எனக்கென்ன வருத்தம்? கல்லு.

நாத்தனார்: கல்லுதான். ...அழுத்திட்டேன்.

அண்ணி: இப்ப அணைச்சுட்டுத் திரும்பப் போடு. இந்தத் தடவை கழுத்தை நெரிக்க வேண்டாம். மரியாதையா.

நாத்தனார்: வட்டம்... மறுபடியும் அதே வட்டம் அண்ணி...

அண்ணி: பொறு.

நாத்தனார்: சுத்துது... இன்னும் சுத்துது...

அண்ணி: என் கையை விடுடி, நசுக்கறே.

நாத்தனார்: வந்துடுச்சு! அண்ணி, உங்க போட்டோ! நீங்களும் அண்ணனும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கற போட்டோ வந்துடுச்சு!

அண்ணி: இந்தப் பல்லைப் பார்க்க இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நீதான். தள்ளு, தள்ளு... இதோ டிராயிங்... நெட் வந்துடுச்சு... போகுது... போகுது... போச்சு.

நாத்தனார்: போச்சா?

அண்ணி: போய்ச் சேர்ந்துடுச்சு. முதலாளியே பதில் போட்டிருக்காரு பாரு. 'கிடைத்தது. காலையில் இந்த அளவில் அறுக்கிறோம்.'

நாத்தனார்: உக்காந்திருக்கேனா, மிதக்கறேனான்னு தெரியல எனக்கு. அந்தம்மா இனி டம்ளரைத் தானே எடுத்துக்குவாங்க இல்ல?

அண்ணி: எடுத்துக்குவாங்க. நீ கொட்டின குப்பையால.

அண்ணன்: டாக்ஸி வந்தாச்சு! ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்களா?

அண்ணி: இருக்கோம், இருக்கோம்! நீங்க போய் உக்காருங்க, வரேன்.

நாத்தனார்: லேப்டாப்பை மடியில வெச்சுக்கோங்க. வயித்துல இடிக்காம பார்த்துக்கோங்க. படியில மெதுவா.

அண்ணி: நீ வாசல்லயே நில்லு, கீழ வராதே. டாக்ஸி பக்கம் ஒரே தூசு.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: என்ன?

நாத்தனார்: ...ஒண்ணுமில்ல. பார்த்துப் போங்க.

அண்ணி: இதையும் தொட்டியில போட்டுட்டியா?

நாத்தனார்: போங்க அண்ணி. உங்களை மாதிரி நான் இல்லையேன்னு இருக்கு. வலிக்கல, பயப்படல, ஒரு முனகல்கூட இல்ல. கொடுத்துட்டுக் கையைத் தட்டிட்டு எழுந்துட்டீங்க. வாங்கின எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்ல.

அண்ணன்: ஏம்மா, மீட்டர் ஓடுது!

அண்ணி: ஓடட்டும்ங்க! ...வலிக்கலைன்னு யாருடி சொன்னா? இருமினா உயிர் போச்சு. அந்த வார்டு நடையெல்லாம் உங்க அண்ணன் பார்த்துக்கிட்டு இருந்தாரேன்னு நடந்தது. வீட்டுக்கு வந்தப்புறம்தான் பயம். அவசரப்பட்டுட்டோமோ, மிச்சம் இருக்கற ஒண்ணுக்கும் ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு... படுக்கையை விட்டு எழவே பிடிக்கல. யார்கிட்டயும் சொல்லல. அப்ப ஒரு நாள் தவறிப்போன டிராயிங்கைத் தேடிக் குப்பைத் தொட்டியைக் கிளறினேன். உன் மூஞ்சி வந்துச்சு. அதுக்கப்புறம் தினமும் காலையில நீ எழுந்திரிக்கறதுக்குள்ள கிளறிடுவேன். நீ மத்தியானம் போட்டதை எடுத்து, பார்த்துட்டு, எனக்கு ஒரு நகல் வெச்சுக்கிட்டு, நீ போட்ட மாதிரியே திரும்பப் போட்டுடுவேன். ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா ஆச்சு, அந்தச் சின்ன வயிறு தாங்குமா? 'பழைய அலமாரி அளவுகள்'ல அலமாரியும் இல்ல, ஒரு அளவும் இல்ல. எல்லாம் நீதான். மஞ்சத் துண்டோட அழறது, திரைச்சீலைக்காகத் திட்டறது, அந்தத் 'தெய்வமே' உட்பட. அதைப் பார்த்துட்டுத்தான்டி நான் தினமும் எழுந்து நடந்தேன். ...அழாதே, மாஸ்க் நனையுது. உள்ள போ. போய் ஒரு டம்ளர் தண்ணி குடி.